மேலடுக்குத் துண்டு

கலியாண மண்டபத்துக்குள் நுழைகிறவர், செருப்போடு சேர்த்துத் தமக்குத் தெரிந்ததையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். சுவிற்சர்லாந்துத் தமிழரிடையே இதை எவரும் எழுதிவைத்ததில்லை. எவரும் மீறியதும் இல்லை. மாப்பிள்ளை முன்பு எங்கே, யாரோடு இருந்தார், பொம்பிளை ஏன் ஒரு வருடம் படிப்பை நிறுத்தினாள், மேடையில் தோளோடு தோள் நின்று சிரிக்கும் சகோதரர்கள் எந்தக் காணியால் பகைத்தவர்கள் என்பதெல்லாம் வந்திருக்கும் முந்நூறு பேருக்கும் தெரியும். தெரிந்த முந்நூறு பேரும் படம் எடுத்து, பந்தியில் இருந்து, வாழ்த்திவிட்டுப் போவார்கள். பொய் சொல்வது அங்கே குற்றமன்று; தெரிந்ததைச் சொல்வதே குற்றம்.

தர்மிகாவுக்கு இந்தச் சட்டத்தோடு தொழில்முறையான பகை. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் போலி விபத்துகளையும் பொய்க் காயங்களையும் துருவிப் பழகியவள், இப்போது சோலோதுர்னில் ஒரு சிகையலங்காரக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். தெரிந்ததைச் சொல்ல மறுக்கும் மனிதர்களிடமிருந்து அதை வெளியே எடுப்பதுதான் அவளுக்குச் சோறு.

"அக்கா," என்றான் அவளுடைய உதவியாளன் றொபின்சன், "இந்த மண்டபத்திலை அந்தக் குதிரை ஒண்டுதான் மனசிலை பட்டதைச் சொல்லுது."

வெள்ளைக் குதிரை அப்போதுதான் சிவப்புக் கம்பளத்தின் நடுவே சாணமிட்டு முடித்திருந்தது. கரடித்தோல் தொப்பி அணிந்த இரண்டு சுவிஸ் இளைஞர்கள், காவலர்கள் அசையக்கூடாது என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, அதை மிதிக்காமலும் விலகாமலும் விறைத்து நின்றார்கள். செயற்கை உரோமத்துக்குள்ளிருந்து வியர்வை அவர்களுடைய மூக்கின் நுனிக்கு வந்து சொட்டியது.

லாங்கன்தாலின் புறத்தே, ஒரு காலத்தில் நெசவாலையாக இருந்த கட்டடம் அது. இன்று அது இலண்டன் மாநகரின் தேவாலயமாகவும் அரண்மனையாகவும் ஒருங்கே வேடமிட்டிருந்தது. பிரித்தானிய அரச குடும்பத்துக் கலியாணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, மணப்பெண் யதுஷாவின் தகப்பன் சச்சிதானந்தன் அதில் ஒன்றும் குறையக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே ஒன்றும் குறையவில்லை. திறந்த குதிரைவண்டி வந்திருந்தது. வழக்கமாக அது ஊர்த் திருவிழாக்களில் பியர்ப் பீப்பாய் சுமப்பது. எக்காளம் ஊதுவோர் வந்திருந்தனர். முத்தமிட்டுக் கையசைப்பதற்கென ஒட்டுப்பலகையில் ஓர் உப்பரிகை எழும்பியிருந்தது. விருந்தினருக்கு அசைப்பதற்குக் காகிதக் கொடிகள். காஞ்சிபுரச் சேலைக்காரிகள் கொண்டைக்கும் மல்லிகைக்கும் மேலே இறகு வைத்த தொப்பிகளை ஊசியால் குத்திக்கொண்டு, கழுத்தைத் திருப்ப இயலாமல் உடம்போடு திரும்பினார்கள். மேடையில் ஐயர் மட்டும், மேலே தொங்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பயந்து ஓமகுண்டத்தில் ஒரேயொரு சூடத்தை வைத்துக்கொண்டு, வேற்று நாட்டுத் தூதுவர்போல் உட்கார்ந்திருந்தார்.

தர்மிகாவின் நாவடியில் ஒரு கசப்பு ஊறியது. போலி என்பது மட்டுமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஓர் அரச குடும்பம் தன் இருப்பை நியாயப்படுத்திக்கொள்ள நடத்தும் காட்சியை, அகதியாக வந்து பிறர் தரை துடைத்து நிமிர்ந்த மனிதர்கள், தாம் நிமிர்ந்ததற்கு அத்தாட்சியாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நிமிர்ந்த முதுகை மறுபடி வளைப்பதற்கு இத்தனை ஆயத்தம் தேவையா என்றிருந்தது அவளுக்கு.

"தங்கச்சி, இஞ்ச வாரும்."

சச்சிதானந்தன் அவளைத் தூணோரம் அழைத்தார். அரச குடும்பத்து ஆண்கள் அணிவதுபோன்ற சிவப்புப் படைக்கோட்டு. மார்பில் வரிசையாகப் பதக்கங்கள். அவை எந்தப் போரில் வென்றவை என்று கேட்கவும் அங்கே ஆளில்லை. பதக்கங்களுக்குக் கீழிருந்த சட்டைப்பைக்குள் கைவிட்டு, வெள்ளிக் காகிதம் சுற்றிய ஒரு சிறு பெட்டியை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"மூண்டாவது. இண்டைக்குப் பிள்ளை வெளிக்கிடுற அறையிலை, கண்ணாடிக்கு முன்னாலை இருந்தது."

"முதல் ரெண்டும் அண்ணை?"

"ஒண்டு வீட்டுக் கடிதப்பெட்டிக்குள்ளை. மற்றது காருக்குள்ளை. கார் பூட்டித்தான் கிடந்தது. இது செய்வினை. ஆரோ என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுக்கப் பாக்கினம்."

பெட்டிக்குள் கறுத்து இறுகிய ஒரு துண்டு. அதன் ஓரத்தில் வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது.

"யதுஷாவுக்குத் தெரியுமோ?"

"அவளுக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் கூடாது. தாயில்லாமல் நான் தனியாளாய் வளர்த்த பிள்ளை." அவருடைய குரல் தாழ்ந்தது. "தாலி ஏற முதல் ஆள் ஆரெண்டு மட்டும் சொல்லும். ஏன், எதுக்கு எண்டதெல்லாம் உமக்கு வேண்டாம். ஆளைக் காட்டினாப் போதும். வாசலுக்கு வெளியிலை விடுறது என்ரை அலுவல்."

எக்காளம் ஒத்திகைக்காக ஒருமுறை அலறியது. அவர் பதக்கங்கள் குலுங்க ஓடினார்.

மேடைக்குப் பின்னே நாற்காலிகள் அடுக்கியிருந்த மூலையில் தர்மிகா பெட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். றொபின்சன் குனிந்து முகர்ந்தான். பிறகு, அவள் தடுப்பதற்குள், ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"றொபின்! அது சாட்சியம்."

"சாட்சியம் கசக்கும் அக்கா. இது இனிக்குது."

"செய்வினை எண்டுறார் மனிசன்."

"செய்வினைக்கு ஐசிங் போடுற மந்திரவாதியை நான் இன்னும் சந்திக்கேல்லை." அவன் கண்ணை மூடி மென்றான். "றவை. கஜு. பிளம்ஸ். பாகிலை ஊறின பூசணி. இது எங்கடை ஆக்களின்ரை கலியாணக் கேக். ஆனால் பிராண்டிக்குப் பதிலாய்க் கிர்ஷ் விட்டிருக்கு. மன்னாரிலை ஆர் செறிப்பழத்திலை சாராயம் வடிக்கிறது? இது இஞ்ச அடிச்ச கேக்."

றொபின்சனின் பெற்றோர் மன்னார்க் கத்தோலிக்கர். அவன் பூசைக்கு உதவிய சிறுவனாகத் தொடங்கி, இந்நாட்டின் எல்லாத் தேவாலயக் கலியாணங்களிலும் பந்தி பார்த்தவன். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டுக் கேக்கை வெள்ளிக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். கலியாணமாகாதவர்கள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினால் வரப்போகிறவர் கனவில் வருவார்.

"நானும் ஒவ்வொரு முறையும் வைச்சுப் பாத்திட்டன். எறும்பு மட்டும் ஒழுங்கா வருது."

"அப்ப ஆரோ கலியாணத்துக்குப் போன விருந்தாளி தன்ரை துண்டை வைச்சிருந்து அனுப்பியிருக்கினமோ?"

"இல்லை அக்கா. அங்கைதான் இடிக்குது." அவன் துண்டைப் பக்கவாட்டில் திருப்பினான். "விருந்தாளிக்குக் குடுக்கிற துண்டுக்கு ஐசிங் இருக்காது. அது தட்டிலை அடிச்சுச் சதுரமாய் வெட்டுறது. இதைப் பாருங்கோ, ஐசிங்குக்குக் கீழை பாதாம் பசையும் கிடக்கு. விளிம்பு வளைஞ்சிருக்கு. நல்ல சின்ன வட்டம். மேடையிலை நிக்கிற கேக்கின்ரை மேலடுக்கு இது."

"மேலடுக்கை விருந்தாளிக்குக் குடுக்கிறதில்லையோ?"

"மேலடுக்கு ஒருத்தருக்கும் இல்லை. முதல் பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு எடுத்துவைக்கிறது. இங்கிலாந்து அரண்மனையிலையும் அதுதான் வழக்கமாம். இந்தக் கலியாணத்தை ஒழுங்கு செய்யிற பிரவீனன் அண்ணை ஒத்திகையிலை மைக்கிலை வாசிச்சவர்." சொல்லிவிட்டு அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அக்கா... நான் இப்ப ஒரு பிள்ளையின்ரை கேக்கையோ தின்னுறன்?"

தர்மிகா பெட்டியை மூடினாள். "கிர்ஷ் விடுற கை ஆற்றை?"

"முழுச் சுவிஸிலும் ஒரு கைதான். எங்கடை சோலோதுர்ன் அன்னமலர் அன்ரி. தேடிப் போகத் தேவையில்லை, குசினிக்குள்ளை நிக்கிறா. இண்டைய ராச கேக்கும் அவவின்ரைதான்."

குசினிக்குப் போகும் வழியில் வாசலைக் கடக்க வேண்டியிருந்தது. பன்னீர்ச் செம்பு வைக்கும் இடத்தில், தேவாலயத் தீர்த்தத் தொட்டியைப் பார்த்துச் செய்த ஒரு கல்நிறக் கிண்ணம் நின்றது, அதற்குள் பன்னீர். இலண்டன் மாப்பிள்ளை விஜிதரன் சிவப்புக் கோட்டோடு, எவரோ படமெடுக்க, உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். கிண்ணத்தைக் கடக்கையில் அவருடைய வலக்கை தானாக நீண்டது. விரல் நனைந்தது. நெற்றிக்குப் போனது. நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. அங்கே திடுக்கிட்டு நின்று, கோட்டின் பொத்தானைச் சரிசெய்யத் தொடங்கியது.

"மாப்பிளை வீட்டார் சைவமெண்டுதானே சொன்னவை?" என்றாள் தர்மிகா மெதுவாக.

"கார்டிலை மயிலும் வேலும் அடிச்சிருக்கு."

"நெத்திக்குப் போன விரலைத் திருநீற்றுப் பழக்கம் எண்டு வைச்சுக்கொள்ளுவம்."

"நெஞ்சுக்குப் போனதை என்னெண்டு வைச்சுக்கொள்ளுறது?" என்றான் றொபின்சன். "எங்கடை ஆக்களுக்கு விரல் நனைஞ்சால் சிலுவை போட நாலு இடம் போய்த்தான் நிக்கும். உவர் ரெண்டாவதிலை பிறேக் அடிச்சிட்டார். ஒண்டு ரெண்டு ஞாயிறு கோயிலுக்குப் போய் வாற பழக்கமில்லை அக்கா உது."

குசினியில் அன்னமலர் ஏணிப்படியொன்றில் ஏறி நின்று, ஐந்தடுக்குக் கேக்கின் உச்சியில் சீனியாற் செய்த ஒரு கிரீடத்தை இருத்திக்கொண்டிருந்தார். கிரீடத்தின் கீழே இரண்டு சீனிப் பொம்மைகள்: வெள்ளை அங்கியில் ஒரு பெண், சிவப்புக் கோட்டில் ஓர் ஆண். தர்மிகா வெள்ளிப் பெட்டியை மேசையில் திறந்து வைத்தாள். ஐசிங் பையை அழுத்திக்கொண்டிருந்த கை நின்றது.

"இந்தக் கேக் ஆற்றை கலியாணத்துக்கு அடிச்சது அன்ரி?"

"நான் எத்தினை கேக் அடிக்கிறன் பிள்ளை. எல்லாம் ஞாபகமிருக்கோ?"

"மேலடுக்கு. ஞானஸ்நானத்துக்கு எண்டு எடுத்துவைச்சது."

"கலியாண வீட்டிலை உதுகளைக் கதைக்கக்கூடாது." அன்னமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

றொபின்சன் ஓர் எவர்சில்வர் கரண்டியைத் துடைத்தபடி, காலநிலை விசாரிப்பவனைப்போல் கேட்டான்: "பொடியன் இப்ப தவழுறானோ அன்ரி?"

"தவழுறதோ? நடக்கத் தொடங்கிட்டான்," என்றார் அன்னமலர். சொன்ன வாயை மாப்படிந்த கையாற் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரால் மறைக்க முடியவில்லை. ஏணிப்படியிலேயே உட்கார்ந்தார். அவருடைய தங்கையின் மகள் வனேசா, ஷாஃப்ஹவுசனில் இருக்கிறாள். கலியாணமும் அங்கேதான், சட்டப்படி பதிவு எழுத்தும் கோயிலில் பூசையும் முறைப்படி. மாப்பிள்ளை சைவம். அவளுக்காகக் கத்தோலிக்க வேதம் படித்து, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்து கட்டினவர். பிறகு இலண்டனில் வேலை என்று போனார். பிள்ளை பிறந்தபோது வந்தார். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கும்போதெல்லாம் அவருக்கு லீவு கிடைப்பதில்லை. மேலடுக்கு அன்னமலரின் குளிர்பெட்டியில் கிடந்தது.

"ஆர் அந்த அவர்?" என்றாள் தர்மிகா.

அன்னமலர் எழுந்தார். ஐசிங் பையின் கூரிய நுனியால், கேக்கின் உச்சியிலிருந்த சிவப்புக் கோட்டுப் பொம்மையைத் தொட்டுக் காட்டினார்.

"நான் வாயாலை ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

"அவை பிரிஞ்சிட்டினமோ?"

"என்ன பிரிவு? போன ஞாயிறும் மகனுக்கு வீடியோவிலை முத்தம் குடுத்தவராம். வனேசாவுக்கு நான் இன்னும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது?"

தர்மிகா கேக்கின் ஐந்தடுக்கையும் நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சுகொண்டுதான் இந்தக் கேக்கையும் அடிச்சனீங்களோ?"

"ஓடர் எடுக்கேக்குள்ளை மாப்பிளை ஆரெண்டு தெரியாது பிள்ளை. பிறகு தெரிஞ்சு என்ன செய்யிறது?" அன்னமலரின் கண் கலங்கியது; உடனே சினமும் வந்தது. "நான் மட்டுமோ? வெளியிலை கொடி பிடிச்சுக்கொண்டு நிக்கிறவையிலை அரைவாசிப் பேர் வனேசாவின்ரை கலியாணத்திலையும் நிண்டு, கேக் வாங்கிக்கொண்டு போனவைதான். அவையைப் போய்க் கேளுமன்!"

"மூண்டு துண்டையும் ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"அதைச் சொல்லமாட்டன். வாக்குக் குடுத்திட்டன்."

உப்பரிகைக்குக் கீழே சச்சிதானந்தன் கொடிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஒரு தகப்பனின் தலையில் இடியை இறக்கப் போகிறோம் என்ற தயக்கத்தோடு தர்மிகா அவரைத் தனியே அழைத்தாள். இது செய்வினை அல்ல, கலியாணக் கேக். அந்தக் கலியாணத்து மாப்பிள்ளை இங்கே வாசலில் நிற்கிறார். அவருக்கு மனைவியும் மகனும் உண்டு. மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்தாள்.

அவர் அதிரவில்லை. சுற்றும் பார்த்தார்.

"ஆள் ஆர்? அதைச் சொல்லும்."

அப்போதுதான் தர்மிகாவுக்குத் தூணோரம் நடந்தது கண்முன் வந்தது. செய்வினைக்குப் பயந்த மனிதன் அந்தப் பெட்டியைத் தொடமாட்டான். தேசிக்காய் வெட்டி, சாம்பல் தூவி, வேறொருவனைக் கொண்டு அதை வெளியே எறிவிப்பான். இவரோ வெறுங்கையால் எடுத்து, மகளின் கலியாணத்தன்று தன் நெஞ்சோடு சட்டைப்பையில் வைத்துத் திரிந்தார். 'ஏன் என்று வேண்டாம், யார் என்று மட்டும் சொல்' என்றார். ஏனென்றால், ஏன் என்பது அவருக்குத் தெரிந்தேயிருந்தது.

"உங்களுக்கு முதலே தெரியும்."

"மெதுவாய்க் கதையும்."

"அண்ணை, உங்கடை பிள்ளை!"

"எனக்குத் தெரியவரேக்குள்ளை கார்டு குடுத்தாச்சு, தங்கச்சி." அவர் ஒரு கொடியின் கம்பை விரலால் நிமிர்த்தினார். "லண்டனிலையிருந்து சனம் வந்திட்டுது. குதிரை வந்திட்டுது. இனி நிப்பாட்டினால் நான் இந்த நாட்டிலை ஆற்றை முகத்திலை முழிக்கிறது? மாப்பிளை பிரியிற அலுவலைப் பாக்கிறன் எண்டு எனக்குச் சத்தியம் பண்ணினவர். எல்லாம் சரிவந்த பிறகு எழுத்தை லண்டனிலை ஆறுதலாய் வைக்கலாம்."

எழுத்து முன்னே, தாலி பின்னே என்பதுதான் இந்நாட்டின் ஒழுங்கு. அது ஏன் தலைகீழானது என்று முந்நூறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

"ஆள் ஆரெண்டு எனக்கு இன்னும் தெரியாது," என்றாள் தர்மிகா. "தெரிஞ்சாலும் உங்களுக்குச் சொல்லமாட்டன்."

"அப்ப பேசாமல் இருந்து சாப்பிட்டிட்டுப் போம். எல்லாரும் அப்பிடித்தான்."

அவர் புன்னகைத்தபடி வாசலுக்கு நடந்தார். அவரைக் கண்டதும் விருந்தினர் கொடிகளை அசைத்தார்கள்.

"அக்கா," என்றான் றொபின்சன், "நான் தின்னதை வெளியிலை எடுக்க ஏதும் வழியிருக்கோ?" முதன்முறையாக அவனுடைய முகத்தில் சிரிப்பில்லை.

மேடையின் படியில் பிரவீனன் உலாவிக்கொண்டு எதையோ மனனம் செய்துகொண்டிருந்தார். இந்த அரச கலியாணத்தை முழுவதும் ஒழுங்கு செய்தவர் அவரே. தலைமைக் குருவாக நடிப்பவரும் அவரே. திரைச்சீலைத் துணியில் தைத்த பொன்னிற அங்கி அவருடைய காலில் தட்டியது.

"இந்த ஒரு கேள்விதான் வாயிலை வருகுதில்லை," என்று அவர் தர்மிகாவிடம் குறைப்பட்டார். "தடை ஏதும் தெரிஞ்சவை சொல்லுங்கோ எண்டு கேக்கிறது. ஐயர் அபசகுனம் எண்டு கத்துறார். நானும் வெட்டுவம் எண்டுதான் சொன்னனான். பொம்பிளை ஒரே பிடி. குதிரை இல்லாட்டிலும் பரவாயில்லை, உது இருக்கவேணுமாம். சரி, அது ஒரு அலங்காரம்தானே. கேட்ட கையோடை சச்சி அண்ணை விரலை ஆட்டுவார், கெட்டிமேளம் கொட்டிடும்."

தர்மிகா நின்ற இடத்திலேயே நின்றாள். கடிதப்பெட்டி. பூட்டிய கார். அலங்கார அறையின் கண்ணாடி. தகப்பனைத் தவிர, மூன்றின் பூட்டுக்கும் திறப்பு வைத்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். மூன்றும் ஒரே மனிதரின் கண்ணில் படும்படி வைக்கப்பட்டவை.

அலங்கார அறையில் யதுஷா தனியே இருந்தாள். வெள்ளை அங்கியின் வால் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. தலையில் கண்ணாடிக்கல் கிரீடம். தர்மிகா கதவைச் சாத்தினாள்.

"மூண்டு துண்டும் நீங்கள் வைச்சது."

"ஓம்," என்றாள் யதுஷா, கண்ணாடியிலிருந்து திரும்பாமலே. "உங்களை அப்பா கூப்பிட்டவுடனை நினைச்சனான், கடைசியா என்னட்டைத்தான் வருவியள் எண்டு."

கேக் தெரிவு செய்வதற்காக அவள் சோலோதுர்னுக்குப் போயிருந்தாள். அன்னமலரின் சுவரில் ஒரு கலியாணப் படம் தொங்கியது. "'இவர்தான் எங்கடை மருமகன்' எண்டு பெருமையாய்க் காட்டினவ. நான் ஆரைக் கட்டப்போறன் எண்டு பாவம் அவவுக்குத் தெரியாது. நான் சொன்னதும் கதிரையிலை இருந்திட்டா."

"அப்பவே நிப்பாட்டியிருக்கலாமே?"

"அப்பாட்டைச் சொல்லத்தான் ஓடிவந்தனான் அக்கா. வாசலுக்கு வர, ஃபோனிலை கதைச்சுக்கொண்டு நிக்கிறார். 'பிள்ளைக்கு மட்டும் தெரியவேண்டாம்' எண்டு." அவள் கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டாள். "அவரே சொல்லட்டும் எண்டுதான் அன்ரியிட்டை மூண்டு துண்டு வாங்கி வைச்சனான். முதல் துண்டை எடுத்தவுடனை முகம் வெளிறினது. என்ன துண்டு எண்டு அவருக்கு விளங்கினது. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவர்; சொல்லேல்லை. ரெண்டாவதுக்கும் சொல்லேல்லை. இண்டைக்கு என்ரை கண்ணுக்கு முன்னாலை மூண்டாவதை எடுத்துப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டு, 'வடிவாய் இருக்கிறாய் ராசாத்தி' எண்டிட்டுப் போறார்."

யதுஷா தலையிலிருந்த கிரீடத்தை நேராக்கினாள்.

"விஜிதரனை நினைச்சால் அருவருப்பு மட்டும்தான். அதைக் கழுவிப்போடலாம். அப்பாவை என்ன செய்யிறது?" அவளுடைய குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "கேள்வியைக் கேப்பினம். அப்பா எழும்பி ஒரு சொல்லுச் சொன்னால் போதும். உடனை அவற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு வீட்டை போயிடுவன். ஊர் சிரிச்சால் சிரிக்கட்டும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி மேளம் அடிப்பினம். அதுதான் எனக்குப் பயம். என்ரை குரல் சின்னன் அக்கா."

வெளியே வந்த தர்மிகா றொபின்சனின் தோளைத் தொட்டாள். "அன்ரியிட்டைக் கேக் வெட்டித் தரச் சொல்லு. மேளக்காரருக்குக் கொண்டுபோய்க் குடு."

"எவ்வளவு?"

"வாய் நிறைய."

குதிரைவண்டி வாகனத் தரிப்பிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எக்காளம் ஊதினார்கள். கரடித்தோல் தொப்பிகள் விறைத்தன, கொடிகள் அசைந்தன. சிவப்புக் கம்பளத்தின் கறையை ஒரு வாழையிலை மூடியிருந்தது. வெள்ளை அங்கியின் வால் அதற்கு மேலாக இழுபட்டு வந்தது. விஜிதரன் அளவாகச் சிரித்தபடி மேடையில் நின்றார். பொன்னங்கிப் பிரவீனன் ஒலிவாங்கியை உயர்த்தினார்.

"இவ்விருவரும் இணைவதற்குத் தடையாக நிற்கும் காரணம் எதையேனும் அறிந்தவர் எவரேனும் இங்கிருப்பின், இப்போதே எழுந்து சொல்லுங்கள். இல்லையேல் எக்காலமும் மௌனம் காக்கக் கடவீர்."

அரண்மனையில் இந்தக் கேள்வி ஒரு சம்பிரதாயம். அங்கே எவரும் பதில் சொல்வதில்லை என்பதால்தான் இங்கேயும் இதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கேள்வி என்று ஒன்றைக் கேட்டுவிட்டால் அதற்கொரு மௌனம் தேவைப்படுகிறது. அந்த மௌனம் இப்போது பழைய நெசவாலையின் இரும்புக் கூரைவரை எழும்பி நின்றது. அதற்குள் முந்நூறு பேர் தத்தம் காகிதக் கொடியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். குசினிக் கதவில் அன்னமலர் மாக்கைகளோடு நின்றார். இறகுத் தொப்பிகள் அசையவில்லை.

யதுஷா தகப்பனைப் பார்த்தாள்.

முன்வரிசையில் சச்சிதானந்தன் மகளின் கண்ணைச் சந்தித்தார். அவருடைய உதடு திறந்தது. கதிரையின் கைகளைப் பிடித்து, பாதி எழுந்தார். யதுஷாவின் தோள்கள் தளர்ந்தன. அவளுடைய பாதம் அவரை நோக்கி ஓரடி நகர்ந்தது.

அவர் முழுவதுமாக எழுந்து நின்று, மேளக்காரரின் பக்கம் திரும்பி, சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஒன்றும் கேட்கவில்லை. நாதஸ்வரக்காரரின் இரண்டு கன்னமும் பாதாம் பசையால் உப்பியிருந்தன. தவில்காரர் விரற்கூடுகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, வலக்கை நிறையக் கேக்கோடு விழித்தார். அவருடைய தவில் கம்பு றொபின்சனிடம் இருந்தது. அவன் அதன் வேலைப்பாட்டை வெகு சிரத்தையோடு ஆராய்ந்துகொண்டிருந்தான்.

உயர்த்திய விரலோடு சச்சிதானந்தன் நின்றார். அந்த விரலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

யதுஷா கிரீடத்தைக் கழற்றிப் பிரவீனனின் கையில் கொடுத்து, அதே கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

"கேட்டனீங்கள்தானே," என்றாள். குரல் சிறியதுதான், கூரைவரை போனது. "எனக்குத் தெரியும். இவருக்கு ஷாஃப்ஹவுசனிலை மனிசி இருக்கிறா. நடக்கத் தொடங்கின மகன் இருக்கிறான். என்ரை அப்பாவுக்கும் இது தெரியும்."

விஜிதரனின் கை கோட்டின் பொத்தானைத் தேடியது. அவள் அவரைப் பார்க்கவேயில்லை, கொடிகளைப் பார்த்தாள்.

"அந்தக் கலியாணத்திலை கேக் சாப்பிட்டவை கையை உயர்த்துங்கோ."